ஊர் கேட்கப் போகிற கேள்வி

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

குழந்தையிலேயே இங்கிருந்து நெதர்லாந்துக்குத் தத்துப்போன அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நம் ஊர் தங்கச்சிமடம் வருகிறேன் என்று நீ சொன்னதில் அப்பாவுக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். ஃபோனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"பொண்ணு யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊரு?" எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். ஊரைக் கேட்கிற சாக்கில் சாதியைக் கேட்பது உனக்குத் தெரியாததா? உன் பெரியத்தை இப்போதே ஆரம்பித்துவிட்டார். "நெதர்லாந்துப் பொண்ணு, எங்க வீட்டு மருமக" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

சித்தப்பா ஒரு படி மேலே போய்விட்டார். தத்துக் காகிதத்தில் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதானே இருக்கிறது, அவள் குழந்தைப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பெற்றவள் கிடைத்துவிடுவாள் என்கிறார். சத்தம் போட்டு நிறுத்தினேன். அப்புறம் விசாரித்துப் பார்த்தேன். தத்துப்போன பிள்ளை 18 வயதுக்கு மேல் தானே டெல்லியில் இருக்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம். மூன்றாம் மனிதர் தேடக் கூடாது, பெற்றவர்கள் விவரத்தை வெளியே விடக் கூடாது என்று விதியே இருக்கிறது. நல்ல விதிதான். பெற்றவள் யாரிடமும் சொல்லாமல் பக்கத்துத் தெருவிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம். வாட்ஸ்அப் அவள் வீட்டுக்குள்ளும் போகும். தேடுவதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளை முடிவு செய்ய வேண்டியது. நீயும் அவசரப்படுத்தாதே.

காகிதத்தை முழுக்க நம்பவும் வேண்டாம். பழைய தத்துகளில் முறைகேடு நடந்தது என்று விசாரணைக் குழு சொல்லி, 2021இல் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்ததாக நீதானே சொன்னாய். குழு பார்த்த ஐந்து நாடுகளில் நம் எதிர்க்கரை இலங்கையும் உண்டு. இந்தியா அதில் இல்லை என்பதற்காக இங்கே எல்லாம் சுத்தம் என்று ஆகிவிடாது.

முகம் நம் முகம். ஷேர் ஆட்டோக்காரரும் மீன்கடைக்காரியும் தமிழில்தான் பேசுவார்கள். பதில் வராவிட்டால் "திமிரப் பாரு" என்பார்கள். அங்கே எந்த நாடு என்று கேட்டு நோகடித்தார்கள் என்றாய். இங்கே தமிழ் தெரியாதா என்று நோகடிப்பார்கள். பக்கத்திலேயே இரு. புடவை, பூ, வளையல் என்று அத்தைமார் படம் எடுக்க வருவார்கள். அவள் ஆசைப்பட்டால் நானே கட்டிவிடுகிறேன், இல்லையென்றால் ஜீன்ஸிலேயே இருக்கட்டும்.

வந்த அன்றைக்கே தனுஷ்கோடிக்கு இழுத்துக்கொண்டு ஓடாதே. 1964 புயலில் இடிந்த சுவரை நிதானமாகப் பார்க்கலாம். முதலில் பாம்பன் சின்னப்பாலத்துக்குக் கூட்டிப்போ. விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக் கடலில் முங்கி கடல்பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஏப்ரல் 15க்குள் வந்துவிடுங்கள். அன்றிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல மீன் கிடைப்பது கஷ்டம். அவளுக்கு நண்டு ஒத்துக்கொள்ளுமா, காரம் எவ்வளவு தாங்குவாள் என்று கேட்டுச் சொல்.

அம்மா