வாரம் ஒரு நாள் உதவி போதாது: கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசு நடுநிலைப் பள்ளி மாணவர் ஒருவரின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்.

பெறுநர்:
மாநிலத் திட்ட இயக்குநர் அவர்கள்,
ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை.

பொருள்: கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குச் சிறப்புப் பயிற்றுநர் பரிந்துரைக்கும் உதவிகளை எல்லா வகுப்புகளிலும் தேர்வுகளிலும் நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகன் 7-ஆம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு இருக்கிறது. 'கொக்கு' என்று எழுதச் சொன்னால் துணைக்காலை விட்டுவிட்டு 'கெக்கு' என்று எழுதுவான். வாசிக்கும்போது மூன்றாவது வரியிலிருந்து ஐந்தாவது வரிக்குத் தாவிவிடுவான். அதே பிள்ளை, ஒளிச்சேர்க்கை பாடத்தை யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று தன் தங்கைக்குப் பிசகில்லாமல் சொல்லிக்கொடுப்பான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர், வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கு வருகிறார். அவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பழைய காலண்டர் அட்டை ஒன்றில், ஒரே ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்குச் சின்ன ஜன்னல் வெட்டி என் மகனிடம் கொடுத்தவர் அவர்தான். அட்டையைப் புத்தகத்தின் மேல் வைத்து, வரி வரியாகக் கீழே நகர்த்தி வாசிக்க வேண்டும். பத்து நாளில் அவன் வரி தாவுவது பாதியாகக் குறைந்தது.

காலாண்டுத் தேர்வில் அந்த அட்டையை வினாத்தாள் மேல் வைத்திருக்கிறான். கண்காணிப்புக்கு வந்தவர் பிட் என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அது எதற்கான அட்டை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கணக்கு ஆசிரியருக்கும் தெரியாது, தலைமை ஆசிரியருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஒருவர் அன்றைக்கு வேறு பள்ளியில் இருந்தார். என் மகன் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகு அந்த அட்டையை அவன் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

இதைத்தான் மாற்றித் தருமாறு கேட்கிறேன். சிறப்புப் பயிற்றுநருக்குத் தெரிந்தது, அவர் வராத நாட்களிலும் பள்ளிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன உதவி தேவை என்பதை அவர் ஒரு பக்கத்தில் எழுதி, தலைமை ஆசிரியர் கையொப்பத்துடன் எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் தேர்வு அறைக் கண்காணிப்பாளருக்கும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். பெற்றோருக்கும் ஒரு நகல் வேண்டும். இதற்குத் தனி நிதி எதுவும் தேவைப்படாது.

10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய வகுப்புகளில் பள்ளியே நடத்தும் தேர்வுகளில் இவற்றைக் கேட்டால், "அதெல்லாம் பத்தாவதில்தான்" என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 17 தேர்வு முறையில் செய்ய வேண்டிய மாற்றங்களைச் சொல்லும்போது, எந்த வகுப்பையும் விலக்கவில்லை. இத்தனை வருடம் தோற்றுத் தோற்றுப் பழகிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து என்ன பயன்?

சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதுக்கு முன் கிடைக்காது. அதற்குப் பிறகும் அரசு மருத்துவமனைக்கு நான் ஐந்து முறை அலைந்தேன், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் கேட்பது நியாயம்தான். ஆனால் வகுப்பறையில் அட்டை வைத்து வாசிக்கவும், கேள்வியை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவும், வாயால் பதில் சொல்லவும் எதற்குச் சான்றிதழ்? கற்றல் குறைபாட்டை இயன்றவரை சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 16 சொல்கிறது. ஆசிரியர் கவனித்த அன்றே உதவி தொடங்கட்டும்.

கடைசியாக, பணியிடங்கள். சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்புப் பயிற்றுநர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிட்டது. எங்கள் பள்ளிக்கு வருபவரோ பல பள்ளிகளுக்கு ஒருவராக ஓடிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை விடுமுறையாகிவிட்டால் என் மகன் இரண்டு வாரம் காத்திருக்கிறான். எங்கள் வட்டாரத்துக்கு எத்தனை பணியிடங்கள், அவற்றில் எத்தனை காலி, எப்போது நிரப்பப்படும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாவது சுற்றறிக்கை வந்துவிட்டால், என் மகன் அந்த அட்டையைப் பயமில்லாமல் மேசைமேல் வைப்பான். அதைப் போலவே வெட்டிய மாதிரி அட்டை ஒன்றைத் தங்கள் பார்வைக்காக இந்த மனுவுடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவரின் தாய்