இருபது சீட்டுகள்

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணில் இருந்தவற்றை இறக்கியபோது, நீ பிளஸ் டூ படித்த ஆண்டில் உன் கையிலிருந்து வாங்கி நான் ஒளித்துவைத்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவல் அகப்பட்டது. தேர்வு முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லி வாங்கியதை நான் தரவே இல்லை. நீயும் பிறகு கேட்கவில்லை. லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு நாட்களில் அதைப் படித்து முடித்தேன். கடைசி மூன்று இரவுகளும் உன் அம்மா எழுந்து வந்து விளக்கை அணைக்கச் சொன்னாள். அதை நீ ஏன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தாய் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஒரு பையனும் ஒரு பெண்ணுமாக 24 பிள்ளைகளைப் பிடித்துவந்து, ஒருவர் மட்டும் எஞ்சும்வரை அவர்களை ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கவைக்கும் அந்தப் போட்டியின் விறுவிறுப்பை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதற்கும் முன்னால், முதல் அத்தியாயத்திலேயே வரும், போட்டிக்குப் போகும் பிள்ளைகளைக் குலுக்கி எடுக்கும் பெயர்ச் சீட்டுக் கணக்கு. நியாயவிலைக் கடையில் முப்பத்தோரு ஆண்டுகள் அரிசி நிறுத்தும் மண்ணெண்ணெய் அளந்தும் கொடுத்தவனுக்கு அந்தப் பக்கத்தைக் கடந்து போக முடியவில்லை.

பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, அடுத்த ஆண்டு இரண்டு, இப்படிப் பதினெட்டு வயதில் ஏழு சீட்டு என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆனால் வீட்டில் பசி என்றால், ஒரு சீட்டில் கூடுதலாகத் தன் பெயரை எழுதிக்கொடுத்து, ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். கதையைச் சொல்லும் நாயகி காட்னிஸ் தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுக்கு மூன்று சீட்டு சேர்த்து எழுதுகிறாள்; பதினாறு வயதில் அவள் பெயர் இருபது முறை இருக்கிறது. ஐந்து பேர் வயிற்றுக்காக எழுதிய, பதினெட்டு வயதான அவள் நண்பன் கேலின் பெயரோ 42 முறை. பென்சிலை எடுத்துக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். நாலும் ஐந்தும் பெருக்கினால் இருபது, ஆறும் ஏழும் பெருக்கினால் நாற்பத்திரண்டு, கணக்கு சரியாகவே வந்தது. நம் ஊரில் குடும்ப அட்டையில் ஒரு பெயர் கூடினால் வீட்டுக்குப் பொருள் கூடும். பிள்ளை பிறந்ததும் பெயர் சேர்க்க மனுவோடு வந்து நின்ற எத்தனை தாய்மார்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்! கதை நடக்கும் பானெம் நாட்டில் ஒரு பெயர் கூடினால் தானியத்தோடு சாவும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறது.

பன்னிரண்டாவது பிறந்தநாளான மே 8 எப்போது வரும் என்று அந்தப் பெண் காத்திருப்பது பரிசுக்காக அல்ல, அன்றுதான் பெயரைக் கொடுத்துத் தானியம் வாங்க முடியும் என்பதற்காக. தங்கையின் பொம்மை வண்டியில் அதை ஏற்றி அவள் வீட்டுக்கு இழுத்து வருகிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் முற்றத்தில் நின்றேன். தன் இடுப்புயரப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு என் கடையிலிருந்து போன பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

பெயருக்கு ஈடாகக் கிடைக்கும் அந்தத் தானியப் பங்குக்கு ‘டெஸரா’ என்று பெயர் வைத்திருக்கிறார் ஆசிரியர் சூசன் காலின்ஸ். பழைய ரோமாபுரியில் குடிமக்கள் அரசுத் தானியம் பெறக் காட்டிய வில்லைக்கும் அதே பெயர்தான். பானெம் என்பதும் ரொட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். நாவல் வெளிவந்தது 2008 செப்டம்பரில். நம் கடைகளில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு இறங்கியதும் அதே மாதத்தில்தான். அன்று வாசலில் நின்ற வரிசை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கிரேக்கத்துக் கதையில் ஏதென்ஸ் நகரம் தன் பிள்ளைகளைக் கிரீட் தீவின் எருதுமுக அரக்கனுக்கு அனுப்பியதிலிருந்து இந்தக் கரு பிறந்ததாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எனக்கோ சிறுவயதில் கேட்ட பகாசுரன் கதைதான் முன்னால் வந்து நின்றது. வண்டிச் சோற்றோடு வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டிய அந்த ஊரில், முறை வந்த வீட்டில் நான் போகிறேன், நான் போகிறேன் என்று தந்தையும் தாயும் மகளும் அழுவார்கள். ஒரே ஒரு சீட்டில் மட்டும் பெயர் இருந்த தங்கை பிரிமின் பெயரே எடுக்கப்பட, அவளுக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொல்லிக் காட்னிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வரும்போது அந்த அழுகைதான் என் காதில் கேட்டது. தங்கைக்கு வேறு சீட்டே இருக்கக்கூடாது என்று அவள் காத்த காப்பெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விடுகிறது.

நாவல் முழுவதும் நிகழ்காலத்தில், அவள் வாய்மொழியாகவே நடப்பதால், அவள் பிழைப்பாளா என்பது அவளுக்கே தெரியாதது போல நமக்கும் தெரியாமலே இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிகிறது. ஆனாலும் என் மனதில் தங்கியவை சண்டைகள் அல்ல, ரொட்டிகள். மழையில் பசித்து நின்றவளுக்காக, பின்னாளில் அவளோடு போட்டிக்குப் போகும் ரொட்டிக்கடைக்காரர் மகன் பீட்டா வேண்டுமென்றே கருகவிட்டு, தாயிடம் அடி வாங்கிக்கொண்டு எறிந்த இரண்டு ரொட்டிகள். பிறகு, போட்டியில் அவளோடு கூட்டுச் சேர்ந்த சிறுமி ரூ இறந்தபின் பதினொன்றாம் மாவட்டத்து மக்கள் காட்னிஸுக்கு அனுப்பும் பிறை வடிவ ரொட்டி. நாட்டுக்கே விளைவிக்கும் மாவட்டம் அது. விளைந்ததை எடுத்துத் தின்றால் சவுக்கடி. அந்த மக்கள் தங்கள் வாய்க்கு இல்லாததைச் சேர்த்து, தங்கள் பெண்ணைப் பூவால் மூடி அடக்கம் போல் செய்த வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்று காட்னிஸ் யோசிக்கும் வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடைக்கல்லோடு வாழ்ந்தவனுக்கு அந்த ரொட்டியின் எடை தெரியும், மகளே.

பிளஸ் டூ ஆண்டில் இதை நான் உன்னிடமிருந்து பறித்திருக்கக்கூடாது. 17-ஆம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தின் ஓரம் மடித்திருந்தது. அதுவரைதான் அன்று படித்திருந்தாயா? மீதியைப் பிறகு எங்கேனும் வாங்கிப் படித்துவிட்டாயா, இல்லை அப்படியே விட்டுவிட்டாயா என்று எழுது. படிக்கவில்லை என்றால், மேலே நான் ரூவைப் பற்றி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. புத்தகத்துக்கு அட்டை போட்டு, மடித்த ஓரத்தை அப்படியே விட்டு, நாளை தபாலில் அனுப்புகிறேன். அடுத்த இரண்டு பாகங்களையும் நீ ஊருக்கு வரும்போது வாங்கி வா. ரயிலிலிருந்து இறங்கும் நேரத்தில் காட்னிஸும் பீட்டாவும் கோத்த கையை எப்போது விடுவார்கள் என்பது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் அன்புள்ள,
அப்பா