நிலத்தோற்றப் பாடத்தைப் பழையாற்றங்கரையில் நடத்தலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் நிலத்தோற்றங்களைப் பற்றிய பாடம் ஒன்று உள்ளது. ஆறு, பனியாறு, காற்று, கடலலை ஆகியவை நிலத்தை அரித்தும், அரித்ததைக் கொண்டுபோய்ப் படியவைத்தும் எவ்வாறு புதிய வடிவங்களை உண்டாக்குகின்றன என்பதை அது கூறுகிறது. குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பனியாறு குடைந்த கிண்ணப் பள்ளமான சர்க்கையும், அது விட்டுச்செல்லும் கல்மண் குவியலான மொரைனையும் எப்படி மனப்பாடம் செய்கிறார்களோ, அப்படியேதான் கழிமுகத்தையும் கடல் ஓங்கல் எனப்படும் செங்குத்தான கரைப்பாறையையும் மணல்மேட்டையும் மனப்பாடம் செய்கிறார்கள். பனியாற்றைப் படத்தில் காட்டுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. மற்றவையோ நகரப் பேருந்தில் ஏறிச் சென்று சேரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. அவற்றையும் கடையில் விற்கும் படத்தாளை வாங்கிச் சார்ட் அட்டையில் ஒட்டித்தான் கற்க வேண்டுமா?

கல்விச் சுற்றுலா ஆண்டுதோறும் நடக்கத்தானே செய்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். நடக்கிறது, பல பள்ளிகளில் அது கேளிக்கைப் பூங்காவில் போய் முடிகிறது. நான் வேண்டுவது சுற்றுலா அன்று, ஒரு நாள் வகுப்பு. பழையாறு தோன்றும் சுருளகோட்டுப் பகுதியிலிருந்து அது கடலில் சேரும் மணக்குடி வரை ஏழாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்று, அந்தப் பாடத்தை ஆற்றின் போக்கிலேயே நடத்துவதற்கு மாவட்டக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

பழையாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. கோதையாறு இதைவிடப் பெரியது. திற்பரப்பு அருவி இதைவிட அழகானது. ஆனால் மலையடிவாரத்தில் தொடங்கி, வயல், குளம், நகரம், காயல், கடல் என ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு, ஒரே பகலில் முழுவதும் பார்த்து முடிக்கக்கூடிய நீளத்தில் அமைந்த ஆறு இது. காவிரிக் கரையில் படிக்கும் மாணவனுக்கு ஆற்றின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே நாளில் காணும் வாய்ப்பு இல்லை. காப்புக்காட்டுக்குள் நுழையாமலேயே இதைச் செய்யலாம் என்பதால் வனத்துறையின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

சுருளகோட்டுப் பக்கம் நின்றால் முதலில் கண்ணில் படுவது எங்கும் பச்சை. அந்தப் பச்சையில் எது காடு, எது ரப்பர் தோட்டம் என்று பிரித்தறியச் சொல்வதே அங்கு நடத்த வேண்டிய முதற்பாடம். உயர்ந்த மரம், அதன் கீழே சிறு மரம், கொடி, புதர், மட்கிய இலை என்று அடுக்கடுக்காக அமைந்த காட்டில் ஒவ்வோர் அடுக்கிலும் வெவ்வேறு உயிர்கள் உண்டு, உறங்கி, இனம் பெருக்குகின்றன. ஒரே வயதுடைய ஒரே மரம் வரிசையாக நிற்கும் தோட்டத்தில் அவற்றுள் பலவற்றுக்கு இடமில்லை. ரப்பர் இம்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் பயிர் என்பதால் அதைக் குறைசொல்வது என் நோக்கமன்று. வாழிடம் என்றால் என்ன என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே காட்டுவதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது என்பதற்காகவே சொல்கிறேன்.

பாண்டியன்கால் என்னும் பழைய கால்வாயையும் இங்கேயே காட்ட வேண்டும். பரளியாற்று நீர் மூவாற்றுமுகத்தில் கோதையாற்றோடு கூடி, குழித்துறை வழியாகச் சென்று தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர வேண்டியது. பொன்மனை அருகே பரளியாற்றின் குறுக்கே அணை அமைத்து, நீரின் ஒரு பகுதியைக் கால்வாய் வழியாகப் பழையாற்றுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பாண்டிய மன்னர் ஒருவர் வெட்டிய கால் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்கு மிகவும் முற்பட்ட வேலை அது. ஓர் ஆற்றுப் படுகையின் நீரை வேறோர் ஆற்றுப் படுகைக்குக் கொண்டுசெல்வது பற்றி இன்று நாடெங்கும் பேசுகிறோம். நாஞ்சில் நாட்டு வயல்கள் பல நூற்றாண்டுகளாக அப்படிப்பட்ட நீரைக் குடித்து விளைந்தவை என்பது பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

பூதப்பாண்டிப் பக்கம் வந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கிழக்கே சுட்டிக்காட்டலாம். மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விட்ட இடம் அது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிக்குள் நெருக்குண்டு விரைவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கணவாயைக் கடந்தால் மழை குறைந்து முட்புதரும் பனையுமாக நிலமே மாறிவிடுகிறது. நம் மாவட்டத்தில் பாலை தவிர நால்வகை நிலமும் உண்டு என்று மேடையில் பெருமை பேசுகிறோம். தமிழ் வகுப்பில் அந்நிலங்களுக்குரிய மரம், பறவை, தொழில் ஆகியவற்றை அட்டவணையாக எழுதியும் வாங்குகிறோம். தமிழாசிரியரின் கருப்பொருளும், அறிவியல் ஆசிரியரின் வாழிடமும், சமூக அறிவியல் ஆசிரியரின் நிலத்தோற்றமும் ஒரே மண்ணைப் பற்றியவைதான். ஆனால் மூன்றும் மூன்று நோட்டுப் புத்தகங்களில் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. எனவே இந்த ஒரு நாள் வகுப்புக்கு மூன்று ஆசிரியர்களும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதையும், அதில் கொழுத்து வளரும் ஆகாயத்தாமரையையும் பாலத்திலிருந்து பார்த்தாலே போதும்.

நேரம் செலவிட வேண்டிய இடம் சுசீந்திரமும் தேரூரும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும், அதனோடு வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரு குளம் நிறைந்து வழியும் மறுகால் அடுத்த குளத்துக்கு நீர் தருவதையும், மடை திறந்தால் எந்த வயலுக்கு நீர் பாயும் என்பதையும் வரப்பில் நிற்கும் விவசாயி ஒருவரே விளக்கிவிடுவார். மாணவரின் கண் குளத்தின் ஆழத்தைப் பறவைகளைக் கொண்டு அளக்கப் பழக வேண்டும். ஆழமான பகுதியில் நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கிறது. கூழைக்கடா மிதந்தபடி அலகுப் பையால் வாரி எடுக்கிறது. முழங்கால் நீரில் சங்குவளை நாரை அலகைத் திறந்து வைத்துத் துழாவுகிறது. சேறு தெரியும் ஓரத்தில் உள்ளான்கள் கொத்தித் திரிகின்றன. அறுவடையான வயலில் அரிவாள்மூக்கன் நிற்கிறது. தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிக்கு விரல்கள் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டால், உடல் எடை பரவுவதற்காக என்று எந்த மாணவரும் தானாகவே சொல்லிவிடுவார். குளத்தை மண்ணிட்டு நிரப்பினாலோ, கரையோரச் சரிவை வெட்டிச் செங்குத்தான கற்சுவர் கட்டினாலோ இவற்றுள் எந்தப் பறவை முதலில் இல்லாமல் போகும் என்பதை அங்கேயே கேட்கலாம். கரைக்குக் கல் பதித்துவிட்டால் குளம் மேம்பட்டுவிட்டதாகக் கருதும் பெரியவர்களுக்கும் அந்தக் கேள்வி பயன்படும்.

மணக்குடியில் ஆறும் கடலும் சந்திக்கும் பொழிமுகம் மழைக்காலத்தில் திறந்தும், நீர்வரத்து குறையும்போது மணல் திட்டால் அடைபட்டும் கிடப்பதைக் கரையில் உள்ள எவரும் சொல்வார். காயலின் நீர் ஒரு பருவத்தில் உப்பாகவும் மற்றொரு பருவத்தில் உப்புக் குறைந்தும் இருப்பதற்கு அதுவே காரணம். ஆழிப்பேரலைக்குப் பிறகு நட்டு வளர்க்கப்பட்ட அலையாத்தி மரங்கள் இங்கே உள்ளன. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டுத் தொங்குவதைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் நேரில் காண்பதற்கு ஈடாகாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தைக் கடல் பெயர்த்தெடுத்துச் சென்றது. அன்று பிறந்திராத தலைமுறை இன்று பள்ளியில் படிக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

நேரமிருக்கும் பள்ளிகள் அங்கிருந்து மேற்கே முட்டத்துத் தேரி எனப்படும் செம்மணல் மேட்டையும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையையும் பார்த்துத் திரும்பலாம். கன்னியாகுமரியில் வெளியூர்க்காரர்கள் பொட்டலமாக வாங்கிச் செல்லும் வண்ண மணலில் சிவப்பு பெரும்பாலும் கார்னெட் என்னும் கனிமம். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்னும் கனிமம். சாதாரண மணலைவிட இவை கனமானவை என்பதால், அலை இலேசான துகள்களை இழுத்துச் செல்லும்போது இவை கரையில் தங்கிவிடுகின்றன. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். காஸ் விளக்கின் வலைக்குத் தேவையான தோரியம் அதில் கிடைத்ததால் மணவாளக்குறிச்சி உலகச் சந்தையில் பெயர் பெற்றது. கடற்கரைக்குச் சென்றால் அலையில் விளையாடுவது மட்டுமே வேலை என்று இருக்கும் பிள்ளைகள் ஒரு கைப்பிடி மணலையும் வலுவான காந்தம் ஒன்றையும் வைத்துக்கொண்டு கறுப்புத் துகள்களைப் பிரித்துப் பார்க்கட்டும்.

இவ்வறிவு மதிப்பெண்ணோடு முடிவதன்று. 2024 மே மாதம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். எங்கோ நெடுந்தொலைவில் வீசிய காற்று எழுப்பிய பேரலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத வேளையில் திடீரெனக் கரையேறுவதை நம் மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். அதற்கு முன்னெச்சரிக்கையும் வெளியிடப்படுகிறது. எச்சரிக்கையைப் படிப்பவருக்கு அச்சொல் புரிய வேண்டுமே! கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு அமைத்த இடத்தில் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் கடலரிப்பு கூடுவதும்கூடக் கடற்கரை ஊர்களின் அன்றாடப் பேச்சு. பாடப்புத்தகத்தில் உள்ள அலைப் படிவுகளுக்கு இவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கடலுக்குள் மீன் கூடும் பாறைத்திட்டான பார் எங்கே இருக்கிறது என்பதை, கரையில் தெரியும் மலை உச்சியையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கணிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்போது கருவி வந்துவிட்டதால் இளைஞர்களுக்கு அது தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட ஒருவரை மணக்குடியில் ஒரு மணி நேரம் ஆசிரியராக அமர்த்துவதற்குக் கல்வித்துறை தயங்கக் கூடாது.

தயக்கங்கள் எழும் என்பதை அறிவேன். நீர்நிலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஏதேனும் நேர்ந்தால் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் பார்வையிடும் இடங்களைப் பாலம், குளக்கரைச் சாலை, ஊர்த்துறை என்று முன்கூட்டியே வரையறுத்து, நீரில் இறங்குவதற்கு எங்கும் அனுமதியில்லை என்று துறையே எழுத்தில் தர வேண்டும் என்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்பது அடுத்த தடை. மூன்று பாடங்களிலும் வளரறி மதிப்பீட்டுக்கான (ஆண்டு முழுதும் செயல்பாடுகளைக் கொண்டு அளிக்கும் மதிப்பெண்ணுக்கான) செயல்பாடாக இதையே ஏற்றுக்கொண்டால், சார்ட் அட்டைகளுக்குச் செலவாகும் நாள்களும் பெற்றோரின் பணமும் மிச்சமாகும். பேருந்துச் செலவுதான் உண்மையான சிக்கல். தனியார் பள்ளிகள் சமாளித்துக்கொள்ளும். அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து இயக்குவதற்கு மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். அதுவும் இயலாத இடங்களில் ஊருக்கு அருகிலுள்ள குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம் வரை நடந்தே செல்லலாம்.

எப்போது செல்வது என்பதையும் துறையே முடிவு செய்துவிடுவது நல்லது. ஜனவரி முதல் இரு வாரங்கள் ஏற்றவை: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளங்களில் நீர் இருக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும், அரையாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். வழித்தடமும் பாதுகாப்பு விதிகளும் அடங்கிய சுற்றறிக்கை காலாண்டு விடுமுறைக்கு முன்பே பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தால்தான் தலைமையாசிரியர்கள் பேருந்துக்கும், துணைக்கு வரும் பெற்றோருக்கும் ஏற்பாடு செய்ய முடியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.