சிறிய கல்லூரிகளுக்குப் பெரிய கல்லூரிகளின் கணக்கு பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் கிடைக்கத் தொடங்கியிருப்பதைப் பற்றித் தமிழ் இதழ்களில் வெளிவரும் செய்திகள், பெரும்பாலும் தொலைக்காட்சியில் தோன்றும் பெரிய பல்கலைக்கழகங்களையும் அவற்றின் ஓரிரு நட்சத்திர வீரர்களையும் சுற்றியே அமைகின்றன. ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் உள்ள ஏறத்தாழ 360 கல்லூரிகளில் பெரும்பாலானவை அந்த வரிசையில் வருவன அல்ல. அத்தகைய சிறிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் என் மகள் நெடுந்தொலைவு ஓட்ட அணியில் இருக்கிறாள். எனவே இவ்விஷயத்தில் எனக்குத் தன்னலம் சிறிதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறிய கல்லூரிகள் இந்தப் பணத்தை விளையாட்டுகளுக்கிடையே பிரிக்கும்போது, பெரிய கல்லூரிகளின் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பணம் யாரிடமிருந்து எந்த வழியில் வந்தது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

கல்லூரி பிரிக்க முடியாத பணமும் ஒன்று உண்டு. 2021 ஜூலை முதல், மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்குத் தந்து வெளி நிறுவனங்களிடமிருந்து சம்பாதிக்கலாம். என் மகளின் அணித்தோழி ஒருத்தி ஊரிலுள்ள பீட்சா கடைக்காக இன்ஸ்டாகிராமில் அரை நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டு, சாப்பாட்டுக் கூப்பன்களும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் பெற்றாள். அது அவளுடைய பணம். 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் நடத்தும் சரிபார்ப்பு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்ற இப்போதைய விதியும் அவளைத் தொடாது. நான் பேசுவது கல்லூரியே நேரடியாக வழங்கும் பணத்தைப் பற்றி. மாணவ வீரர்கள் தங்களுக்கு மறுக்கப்பட்ட வருவாய்க்காக என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஏற்றதையடுத்து, அதில் இணையும் கல்லூரிகள், வீரர்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திக்கொள்வதற்கு ஈடாக 2025 ஜூலை 1 முதல் தாமே பணம் தரலாம் என்றாயிற்று. முதல் ஆண்டிற்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். சிறிய கல்லூரிகள் பெரும்பாலும் அந்த வரம்பின் அருகில்கூட வர இயலாதவை. குறைந்த பணம் என்பதாலேயே அதைப் பிரிக்கும் முறை அங்கே கூடுதல் கவனத்திற்குரியதாகிறது.

இப்போது பலரும் கையாளும் விகிதம், அமெரிக்கக் கால்பந்துக்கு 75 விழுக்காடு, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 5 என்பதாகும். இது எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே சமரசத்தின்படி, கடந்த காலத்தில் வீரர்களுக்கு மறுக்கப்பட்ட வருவாய்க்கு இழப்பீடாக ஏறத்தாழ 280 கோடி டாலரைப் பங்கிடும்போது, பெரிய கான்பரன்ஸ்களின் (கல்லூரிகள் சேர்ந்து போட்டி நடத்தும் கூட்டமைப்புகளின்) தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்பட்ட விகிதம் அது. நடந்து முடிந்த இழப்புக்குப் போட்ட கணக்கை, இனி வரும் ஆண்டுகளுக்கான பங்கீட்டு முறையாகப் பெரிய பல்கலைக்கழகங்கள் பல ஏற்றுக்கொண்டன. ஒளிபரப்பு உரிமையில் பெரும்பணம் ஈட்டும் கல்லூரிக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. அந்த வருவாயே இல்லாத கல்லூரிக்கு அதே விகிதத்தில் என்ன நியாயம் இருக்கிறது? இத்தனைக்கும், அந்த இழப்பீட்டின் ஒரு பகுதியை ஈடுகட்ட, முதல் பிரிவிலுள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் என்.சி.ஏ.ஏ. வழங்கும் தொகை பத்தாண்டுகளுக்குக் குறைக்கப்படுகிறது. விருந்துண்டவர் ஒருவர், இலையெடுப்பவர் வேறொருவர் என்று சிறிய கல்லூரிகள் முறையிட்டதில் தவறில்லை.

சிறிய கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கான பணத்தில் பெரும்பகுதி மாணவர்களின் கட்டணத்திலிருந்தும் பல்கலைக்கழகத்தின் பொது நிதியிலிருந்துமே வருகிறது. எங்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் வரும் கட்டணச் சீட்டில், கல்விக் கட்டணத்திற்குக் கீழே 'பொதுக் கட்டணம்' என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதில் எவ்வளவு விளையாட்டுக்குப் போகிறது என்பது அந்தச் சீட்டில் இராது. வர்ஜீனியா மாநிலம், விளையாட்டுக்கு இப்படிக் கட்டணத்திலிருந்தும் பொது நிதியிலிருந்தும் எடுப்பதைக் கட்டுப்படுத்த 2015-இல் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டமே, கால்பந்து அணி இல்லாத முதல் பிரிவு அரசுக் கல்லூரிகள் தம் விளையாட்டுத் துறைக்கான பணத்தில் 78 விழுக்காடு வரை இவ்வழியில் பெறலாம் என்று வரம்பு வைத்தது. கட்டுப்பாடே 78 விழுக்காடு என்றால், அந்தத் துறை யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வேதியியல் படித்துக்கொண்டு மாலையில் கடையில் வேலை பார்க்கும் மாணவியின் கட்டணத்திலிருந்து எடுத்த தொகையில் முக்கால் பங்கை ஒரே அணிக்குத் தருவதை எந்தத் துணைவேந்தரும் பொது அவையில் நியாயப்படுத்த முடியாது. இவ்வகைப் பணத்தை எல்லா அணிகளுக்கும் தலைக்கணக்கில் பிரிக்க வேண்டும்.

அதற்காகக் கால்பந்து வீரர்களின் உரிமையை நான் மறுக்கவில்லை. சிறிய கல்லூரிகள் பெரிய பல்கலைக்கழகங்களின் மைதானத்திற்குச் சென்று, தோற்பதற்கென்றே அழைக்கப்பட்டவர்களைப் போல ஆடி, அதற்கு ஒப்பந்தத் தொகை வாங்கி வருவது நெடுநாள் வழக்கம். 2024 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாய் அணி, 14 லட்சம் டாலர் பேசி நோட்ரடாம் மைதானத்திற்குச் சென்று, 16-14 என்று வென்றே திரும்பியது. அந்தப் பணம் அந்த இளைஞர்களின் உடல் பட்ட பாட்டுக்கு வந்தது. அதில் பெரும்பங்கு அவர்களுக்கே போக வேண்டும். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் அணியின் கான்பரன்ஸுக்குக் கிடைக்கிறது. 2025 முதல் பெண்கள் போட்டிக்கும், தொகை குறைவானாலும், இம்முறை வந்துவிட்டது. கல்லூரிக்கு அதில் கிடைக்கும் பங்கையும் கூடைப்பந்து அணிகளுக்கே முதலில் ஒதுக்கலாம்.

நன்கொடையாளர் ஓர் அணியின் பெயரைச் சொல்லித் தரும் பணம் சிக்கலானது. அதை அந்த அணிக்கே தர வேண்டியதுதான். ஆனால் அதனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏற்படும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் பொறுப்பு, கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் 9 சட்டப்படி, கல்லூரியை விட்டு நீங்குவதில்லை. நேரடிப் பங்கீட்டுப் பணத்திற்கும் இச்சட்டம் பொருந்தும் என்று மத்தியக் கல்வித் துறை 2025 ஜனவரியில் அறிவித்து, ஆட்சி மாறிய பின் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புதான் போயிற்றே தவிர, சட்டம் அப்படியே இருக்கிறது. டெக்சாஸில் உள்ள ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழகம் 2025 மே மாதம் சில அணிகளைக் கலைத்தபோது, மாணவிகள் இதே சட்டத்தைக் காட்டி வழக்குத் தொடுத்துப் பெண்கள் அணிகளுக்கு இடைக்காலப் பாதுகாப்புப் பெற்றார்கள். முக்கால் பங்கு விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் சிறிய கல்லூரி, வழக்கறிஞர் கட்டணத்திற்கும் சேர்த்தே பணம் ஒதுக்கிவைப்பது நல்லது.

நட்சத்திர வீரருக்குக் கொட்டிக் கொடுக்காவிட்டால் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார் என்பார்கள். கொடுத்தாலும் போகத்தான் போகிறார். 2024 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம். ஐந்து மடங்கு தரக்கூடியவரோடு ஏலத்தில் நின்று வெல்லச் சிறிய கல்லூரியால் ஆகாது. பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம், தன் கூடைப்பந்து அணி 2025 மார்ச் போட்டியில் ஆடிய சில நாட்களிலேயே, முதல் பிரிவை விட்டு, விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக்குப் போவதாக அறிவித்தது. அந்த முடிவு மிகையானதாக எனக்குத் தோன்றினாலும், ஏலத்தில் நிற்க முடியாது என்ற அதன் கணிப்பு சரியானதே.

இதில் நம்மவர்களைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 2007, 2008 ஆண்டுகளில் கல்லூரி ஒற்றையர் டென்னிஸ் பட்டத்தை வென்றார். முதல் பிரிவின் ஆண்கள் டென்னிஸில் இன்று பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டினர். எஃப்-1 மாணவர் விசாவின் வேலைக் கட்டுப்பாடுகளால் அவர்கள் விளம்பரப் பணத்தைக் கையில் வாங்குவது விசாவுக்கே ஆபத்தாக முடியலாம். சமரசத்தில் இணைந்த கல்லூரி, புதிதாகத் தரும் உதவித்தொகையில் 25 லட்சம் டாலர் வரை இந்தப் பங்கீட்டுக் கணக்கிலேயே காட்டிக்கொள்ள இடமுண்டு. டென்னிஸ், நீச்சல், ஓட்டம் போன்ற அணிகளின் பங்கை ரொக்கமாகத் தராமல், கல்விக் கட்டணத்திற்கும் விடுதிக்குமான உதவியாகத் தந்தால் விசாச் சிக்கல் எழாது. வழக்குக்குப் பெயர் தந்த கிராண்ட் ஹவுஸ் ஒரு நீச்சல் வீரர். 2025 மார்ச்சில் கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் அந்தச் சமரசத்தின் செலவையும் ஒரு காரணமாகக் காட்டிக் கலைத்தது தன் நீச்சல் அணியைத்தான்.

எந்த அணிக்கு எவ்வளவு என்று கேட்டால், மாணவரின் தனிப்பட்ட விவரம் என்று சொல்லி மறுக்கும் போக்கு அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. ஒரு வீரர் வாங்கும் தொகையை யாரும் கேட்கவில்லை. ஓர் அணிக்குப் போன மொத்தத் தொகையையும், அது கட்டணத்திலிருந்து வந்ததா, ஆட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்ததா, நன்கொடையிலிருந்து வந்ததா என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட்டால் யாருடைய அந்தரங்கமும் கெடாது. தம் பிள்ளைகளை இக்கல்லூரிகளின் அணிகளில் சேர்க்க எண்ணும் தமிழ்ப் பெற்றோர், கையெழுத்திடுவதற்கு முன் பயிற்சியாளரிடம் இந்த விவரத்தை எழுத்தில் கேட்டுப் பெறும்படி தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கொலம்பஸ், ஒஹையோ.