மீனவர்களே போகாத கடலுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நான்கு டீச்சர்களும் இலங்கைக்குக் கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு செய்தித்தாள் துணுக்கைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென் இலங்கைக் கடலோரம் ஆகிய பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்ற வழக்கமான வாசகம். அதன் கீழே ஒரே வரி எழுதியிருந்தீர்கள்: "மீனவர்களே போகாத கடலுக்கு நீங்கள் எதற்குப் போகிறீர்கள்?"

நான் பதில் எழுதவில்லை. அன்று மத்தியானம் விருந்தில் எல்லோர் முன்னாலும் வேறொன்று சொன்னேன். "நாகப்பட்டினத்துக் கடல்காரர் மகள் கடலுக்குப் பயப்படுகிறார் பாருங்கள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது உங்கள் காதுக்கு வந்துவிட்டது என்று கணக்கு டீச்சர் சொன்னபோது நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். பலர் முன்னால் பேசியதற்குப் பலர் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

இருபது வருடமாக உங்களையும் சேர்த்து நாம் ஐந்து பேரும் பேசிப் பேசி ஒத்திப்போட்ட பயணம் இது. முதலில் கொடைக்கானல் என்றோம், பிறகு அந்தமான் என்றோம். 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விடத் தொடங்கியதும், பி.இ.டி. டீச்சர் பணி ஓய்வு பெறும் ஆண்டில் போய்விட வேண்டும் என்று முடிவானது. நீங்களும் முன்பணம் கட்டினீர்கள். ஓய்வு மே மாதக் கடைசியில். எனவே பயணம் ஆனியில் அமைந்தது. அது தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சம் என்பதை நாங்கள் நால்வரும் யோசிக்கவில்லை. அதில் ஒருத்தி முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவள்.

முதல் நாள் மாலை கப்பல் புறப்படும் முன் எல்லோரையும் உயிர்காப்பு அங்கியுடன் திரட்டினார்கள். ஏழு குறுகிய சங்கொலி, ஒரு நீண்ட சங்கொலி. அதைக் கேட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2012இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகே, புறப்படும்போதே நடத்தியாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். சமூக அறிவியல் டீச்சர் இதை எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, சுற்றிலும் பாதிப் பேர் தற்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் வகுப்பில் இருந்திருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்போம்.

அன்று இரவும் மறுநாள் பகலும் கடல் குளம் போலக் கிடந்தது. இலங்கைத் தீவு தென்மேற்குக் காற்றை மறித்து நிற்கிறது. அதன் கிழக்குக் கரையோரம் இறங்கும் வரை நாங்கள் அந்த மறைவில்தான் போனோம். வேளாவேளைக்கு உணவு, நடுவில் தேநீர், இரவில் ஆட்டம் பாட்டம். உங்களை நினைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, வந்திருக்கலாமே என்று மனதுக்குள் பலமுறை சொல்லிக்கொண்டேன். உங்கள் கேள்விக்கு ஒரு பதிலும் தயார் செய்தேன். உங்கள் அப்பாவின் படகு மிஞ்சிப்போனால் 9 மீட்டர். எங்கள் கப்பல் 200 மீட்டருக்கும் மேல். காற்று எழுப்பும் சாதாரண அலை ஐந்து விநாடிக்கு ஒன்று வருகிறது என்றால் அதன் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். படகு அதன் முதுகில் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். கப்பலோ ஒரே நேரத்தில் நாலைந்து அலைகளின் மேல் படுத்துக் கிடக்கிறது. ஒன்று தூக்கினால் இன்னொன்று இறக்கும், கணக்கு நேராகிவிடும். வானிலை எச்சரிக்கை படகுக்கு, கப்பலுக்கு அல்ல. இதுதான் என் பதில். கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். தீவின் தென்கிழக்கு முனையைச் சுற்றி அம்பாந்தோட்டைப் பக்கம் திரும்பியது கப்பல். அந்த முனைக்கு வெளியே கடலுக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் திட்டுகளான பார்களின் மேல் இரண்டு கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. பெரியதில் 1873இல் விளக்கேற்றினார்கள், சிறியதில் 1878இல். சிங்களத்தில் பெரிய பாரை மகா இராவணா கோட்டுவ என்கிறார்கள். இராவணன் கோட்டையைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன் என்று மேல்தளத்தில் நின்றிருந்தேன். தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி விட்டுவிட்டு மின்னியது. அது எந்த விளக்கம் என்று யாரையாவது கேட்கத் திரும்பியபோது தரை என் காலடியிலிருந்து இறங்கியது.

ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிற்றில் ஒன்று காலியாகுமே, அதேதான். ஆனால் ராட்டினத்தில் நிறுத்தச் சொல்ல ஆள் இருப்பான். சற்று நேரத்தில் திறந்த தளங்களுக்குப் போகும் கதவுகளை அடைத்தார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர் கரை தாண்டி வழிந்தது. அதை வடித்து மேலே வலை கட்டினார்கள். படிக்கட்டுக் கைப்பிடியெங்கும் காகிதப் பைகளைச் செருகி வைத்தார் ஒரு பணியாளர், கொலுப் படியில் பொம்மை வைப்பவரைப் போல அவ்வளவு ஒழுங்காக.

முதலில் விழுந்தது யார் தெரியுமா? பி.இ.டி. டீச்சர். மாவட்ட அளவில் நீளம் தாண்டியவர், கயிறு ஏறியவர், நாற்பது வயதில் சிலம்பம் கற்றவர். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "என்னைக் கரையில் இறக்கிவிடச் சொல்லுங்கள்" என்று அழுதார். கணக்கு டீச்சர் அவோமின் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அதை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே விழுங்கியிருக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும், வந்தது. இஞ்சி மரப்பா கொடுத்தோம். உப்பு நார்த்தங்காயைக் கீறி நாக்கில் வைத்தோம். அறைக்குள் கண்ணுக்குச் சுவர் அசையாமல் நிற்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ அசைகிறோம் என்கிறது. மூளை எதை நம்புவது என்று தெரியாமல் வயிற்றின் மேல் பழி போடுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் அடங்கும். நள்ளிரவில் தொடுவானத்துக்கு எங்கே போவது? கடைசியில் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருந்த கம்பளத்தில் அவரைப் படுக்க வைத்தோம். சிறுவர்கள் ஏறி இறங்கி ஆடும் ஏற்றப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு, அவ்வளவுதான் தத்துவம். அங்கே எங்களுக்கு முன்பே ஒரு பெரிய குடும்பம் போர்வை விரித்திருந்தது. எக்மோர் நடைமேடையில் இரவு வண்டிக்குக் காத்திருப்பவர்கள் போல எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒட்டிக் கிடந்தோம். பயணத்தின் மிகச் சிறந்த இரவு எது என்று இப்போது கேட்டால் நால்வரும் அதைத்தான் சொல்கிறோம். காசு கட்டியதில் அது சேர்த்தி இல்லை.

என் அழகான பதில் எங்கே பிசகியது என்று அந்தக் கம்பளத்தில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். கப்பலின் மூக்கு ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தில் எண்ணினேன்: எட்டு விநாடிக்கு ஒன்று. நாங்கள் அலையை எதிர்த்து ஓடிக்கொண்டிருந்தோம். நின்றிருந்தால் பதினொன்று வந்திருக்கும். பதினொரு விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 190 மீட்டர். கப்பலின் நீளமும் கிட்டத்தட்ட அதே. அதாவது, எங்களுக்குச் சரியாக அளவெடுத்துத் தைத்த அலை. பக்கவாட்டு உருளலைக் குறைக்கக் கப்பலுக்கு நீருக்கடியில் துடுப்பு போன்ற இறக்கைகள் உண்டு. மூக்கும் வாலும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாக உதவ முடியாது. கப்பல் தலைவர் வேகத்தைக் குறைத்தார், வேறு வழி அவருக்கும் இல்லை. இத்தனை நீள அலை உள்ளூர்க் காற்று மட்டும் எழுப்புவது அல்ல. வெகு தொலைவில் எங்கோ தெற்கே பிறந்து நாள்கணக்கில் நடந்து வருவது. குமரிக் கரையில் காற்றே இல்லாத நாளில் அது ஊருக்குள் ஏறும்போது கள்ளக்கடல் என்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் கடலோரத்து மக்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இன்று அதே பெயரில்தான் எச்சரிக்கை விடுகிறது.

அக்கா, ஆபத்து இருந்ததா என்றால் இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். கப்பல் உடையாது, கவிழாது, வயிறு மட்டும் கவிழும். ஆனால் உங்கள் கேள்வி ஆபத்தைப் பற்றியது அல்ல என்று எனக்கு விடிந்த பிறகுதான் புரிந்தது.

ஐந்தரை மணிக்கு ஜன்னலோரம் நின்றேன். நுரை பூத்த சாம்பல் நிறக் கடல். தூரத்தில் ஒரு படகு தெரிந்தது, உடனே காணாமல் போனது, மறுபடி தெரிந்தது. நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடிக்கும் இலங்கைப் படகு. நாற்பது அடி இருக்கலாம். அலையின் முதுகில் ஏறும்போது அதன் அடிப்பகுதிவரை தெரியும். இறங்கும்போது கொடிக்கம்பு மட்டும். ஒருவர் பின்பக்கம் குனிந்து வலையையோ கயிற்றையோ சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் காலை உணவுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு வகை ரொட்டி. கையசைக்கலாம் என்று கை தூக்கினேன், பிறகு இறக்கிக்கொண்டேன்.

மீனவர்களே போகாத கடல் என்றீர்கள். போயிருந்தார்கள், அக்கா. உங்களுக்கு அது தெரியாதா? "எச்சரிக்கை வந்தாலும் வீட்டில் அரிசி இல்லாவிட்டால் அப்பா போவார், நானும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்திருப்போம்" என்று ஆசிரியர் அறையில் ஒரு மழை நாளில் நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படி உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய்ப் பயமா என்று கேட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அம்பாந்தோட்டைக்குத் தாமதமாகச் சேர்ந்தோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரிய துறைமுகம், வெயில், காற்று. திரும்பும்போது அதே அலை பின்னாலிருந்து தள்ளியதால் தொட்டில் ஆட்டமாக இருந்தது. பி.இ.டி. டீச்சர் இரண்டு தோசை சாப்பிட்டார்.

திருகோணமலையில் கடல் மறுபடி குளம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் ஓர் அம்மா தட்டில் எதையோ குவித்து வைத்து "கச்சான், கச்சான்" என்று கூவினார். நான் நின்றுவிட்டேன். மேற்குக் காற்று அடித்தால் நீங்கள் பள்ளி மைதானத்தில் மூக்கை உயர்த்தி "கச்சான் எடுத்துவிட்டது" என்பீர்களே. "இதுவா கச்சான்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேர்க்கடலையை அள்ளிக் காட்டினார். "எங்கள் ஊரில் அது காற்றின் பெயர்" என்றேன். "இங்கேயும் காற்றுக்கும் அதுதான் பெயர், கடலைக்கும் அதுதான் பெயர். உங்களுக்கு எது வேணும்?" என்றார்.

இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்றைக் கப்பலிலேயே தின்று தீர்த்துவிட்டோம். உங்களுடையது பிரிக்காமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா?

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்