சினைப்பையை எடுத்ததை ஏன் சொல்லவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் அக்கா, வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றினார். அவ்வளவுதான், வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. வயது 52. நின்ற இடத்தில் விழுந்ததற்கே உடைகிறதென்றால் எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்ல, கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். எலும்பு அடர்த்தியை இளம் வயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர், முதுகெலும்பில் மைனஸ் 2.9. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே எலும்புப்புரையாம், அதாவது எலும்பு பலமிழந்து எளிதில் உடையும் நோய்.

முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று டாக்டர் கேட்ட பிறகுதான் பரணில் இருந்த பழைய ஃபைலை இறக்கினோம். 38 வயதில் அதிக ரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். கூடவே கருமுட்டை உருவாகும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். 14 வருடமாக அது அக்காவுக்கே தெரியாது!

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பையில்தான். எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது அந்த ஹார்மோன். அது குறைந்தால், உடம்பு எலும்பைக் கட்டுவதைவிட வேகமாக அரிப்பு நடக்கும். மாதவிலக்கு தானாக நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சில வருடங்களில்தான் இறங்கும், அப்புறமும் அடியோடு போய்விடாது. அட்ரினல் சுரப்பியும் சினைப்பையும் தருகிற வேறு ஹார்மோன்களை உடம்பிலுள்ள கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கொஞ்சநஞ்சமும் முக்கியம். அமெரிக்காவில் 65 வயது தாண்டிய பெண்களிடம் நடத்தி 1998-ல் வெளியான ஆய்வில், ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான எஸ்ட்ரடையால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 பிகோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு இடுப்பெலும்போ முதுகெலும்போ முறியும் ஆபத்து மற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. என் அக்காவுக்கு 38 வயதிலேயே, ஒரே நாளில் சினைப்பை இல்லாமல் போயிருக்கிறது. ஒல்லி உடம்பு வேறு, ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தரக் கொழுப்பும் குறைவு.

சில நோய்களுக்குச் சினைப்பையை எடுத்தே ஆக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எடுத்ததை எடுத்தவளிடம் சொல்ல வேண்டாமா? இளம் வயதில் எடுத்தவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை கொடுப்பது வழக்கமான வைத்தியம்தான் என்று இப்போது தெரிந்துகொண்டோம். அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அக்கா கேட்டிருப்பாரே. கேழ்வரகுக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் எங்கள் ஊரில் குறைவில்லை, இருந்தாலும் கால்சியம் மட்டும் இந்த இழப்பை ஈடுகட்டாது என்கிறார் டாக்டர்.

மாவுக்கட்டோடு ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் அக்கா தினமும் காலையில் என்னைக் கூப்பிடுகிறார். எங்கள் தெருவிலேயே கர்ப்பப்பை எடுத்தவர்கள் நான்கு பேர். சினைப்பை இருக்கிறதா என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டும்படி சொல்லியிருக்கிறேன். உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் இதை ஒரு முறை விரிவாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்