பூலாம்பட்டிப் படகுக்கார அண்ணனுக்கும் நெரிஞ்சிப்பேட்டை அக்காவுக்கும்

வணக்கமுங்க.

மே தினத்தை ஒட்டி வந்த விடுமுறையில், சனிக்கிழமை காலை பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறி, காவிரியைக் கடந்து அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பவானிக்குப் போய்த் திரும்பிய ஆறு பேர் நாங்கள். பச்சைச் சுங்குடிச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினீர்களே, அவருடைய மகள் நான். ஒருவர் பெயரையும் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

சேலத்திலிருந்து பவானிக்குச் சங்ககிரி வழியாக நேராகவே போயிருக்கலாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பிறந்தது நெரிஞ்சிப்பேட்டை. கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தது பரிசலில். அப்போது ஆற்றுக்குக் குறுக்கே கதவணை கிடையாது. "ஆத்து வழியாப் போனா வர்றேன், இல்லைன்னா நீங்களே போயிட்டு வாங்க" என்றார்.

எனக்குத்தான் சந்தேகம். ஜனவரி 28-இல் மேட்டூர் அணையில் பாசனத் தண்ணீரை அடைத்தால் ஜூன் 12 வரை ஆறு வற்றித்தானே கிடக்கும், படகு எங்கே ஓடும்? துறையில் டிக்கெட் கொடுத்த தம்பி சிரித்தார். மின்சாரம் எடுப்பதற்காகக் கதவணையில் தண்ணீரைத் தேக்கி வைப்பதால் கோடையிலும் ஓடும், பராமரிப்புக்கு ஷட்டரைத் திறந்துவிட்டால்தான் சிரமம் என்றார். "கடல் மாதிரி நிக்குமுங்க" என்றது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரு கரையும் தென்னை, பின்னால் பாலமலை, அகலமாக அசையாமல் தண்ணீர். குட்டிக் கேரளா என்று சொல்கிறார்கள். காவிரிக்கரை காவிரிக்கரையாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, கேரளாவை எதற்கு இழுக்க வேண்டும்?

படகுக்கார அண்ணா, லைஃப் ஜாக்கெட்டை அம்மாவுக்கு நீங்களே மாட்டிவிட்டீர்கள். என் தம்பி செல்ஃபிக்காக எழுந்து நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு, "உக்காந்தாத்தான் படகு நகரும்" என்றீர்கள். அவன் முகம் தொங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நடு ஆற்றில் அம்மா தண்ணீரைத் தொடக் கையை நீட்டியபோது, யாரும் கேட்காமலே வேகத்தைக் குறைத்தீர்கள். அம்மா நனைந்த கையைக் கரை சேரும்வரை துடைக்கவே இல்லை.

பவானியில் கூடுதுறையில் நல்ல கூட்டம். சங்கமேஸ்வரர் கோயிலில் என் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சுவரில் இருக்கும் துளைகளைக் காட்டிய பூக்கார அம்மாவுக்கு நன்றி. கோயமுத்தூர் கலெக்டர் வில்லியம் காரோ, வெளியே நின்றபடி வேதநாயகி அம்மனைப் பார்க்கப் போட்ட துளைகளாம். மழையில் பங்களா இடியும் முன்பு அம்மன் சிறுமியாக வந்து அவரை எழுப்பிய கதையையும், 1804-இல் அவர் தந்தக் கட்டில் கொடுத்ததையும் நீங்கள் சொன்ன விதத்தில், பெரியவன் செல்போனை மறந்துவிட்டான். அதற்கே தனியாக ஒரு நன்றி.

எங்களுக்கும் மழை வந்தது. நெரிஞ்சிப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காற்று சுழற்றி அடித்தது. படகை நிறுத்திவிட்டார்கள், நிறுத்தியதும் சரிதான். அப்போதுதான் ஓர் அக்கா, "ஏனுங்க நனையறீங்க, திண்ணையில வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார். துண்டு வந்தது, வரக்காப்பி வந்தது. அம்மா எந்தத் தெரு என்று விசாரித்தவர், உள்ளே போய்த் தன் மாமியாரை அழைத்து வந்தார். அந்தப் பாட்டி அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ கொடுக்காப்புளி மரத்தூட்டுப் புள்ளைதானே?" என்றார்.

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாகூட ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டவர்தான். யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்று ஒரு மணி நேரம். மழை விட்டது இருவருக்கும் தெரியாது.

படகுக்கார அண்ணா வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஆனால் பூலாம்பட்டியில் நாங்கள் பேசி வைத்திருந்த கார் கிளம்பிப் போயிருந்தது. ஓட்டுநர் யார் என்பதெல்லாம் வேண்டாம், விடுங்கள். டிக்கெட் தம்பிதான் தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மினி லாரியை நிறுத்தினார். அம்மாவுக்கு முன் சீட், எங்களுக்குப் பின்னால் சாக்கு. எடப்பாடி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்ட அந்த அண்ணன் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

அப்புறம், நெரிஞ்சிப்பேட்டை அக்கா, துறை வரைக்கும் பிடித்துப் போகச் சொல்லி நீங்கள் கொடுத்த கறுப்புக் குடை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆடிப்பெருக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து தருகிறேன். அதற்குள் மழை வந்தால் மன்னிச்சுக்கோங்க.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டையிலிருந்து
(உங்கள் ஊருக்குப் பக்கத்து அம்மாப்பேட்டை இல்லைங்க, சேலம் அம்மாப்பேட்டை)
கொடுக்காப்புளி மரத்து வீட்டுப் பெண்ணின் மகள்